ரீட்டா உட்கார்ந்த இடம்

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நாயை ஒருதரம் எழுப்பி மறுபடி உட்காரச் சொல்லுங்க பார்ப்போம். ஒரே ஒருதரம். ம்... பார்த்தீங்களா? பின்னங்காலை மடக்கி உடம்புக்கு அடியில வைக்க மாட்டேங்குது. வெளியே நீட்டிப் போட்டு ஒரு பக்கமாச் சாயுது. எத்தனை நாளா இப்படி? பத்து நாளா? "சோம்பேறிப் பய, மகாராஜா மாதிரி சாஞ்சுதான் உட்காருவான்"னு வீட்டுல எல்லாரும் சிரிச்சிருப்பீங்க. சிரிக்காதீங்க தம்பி. அது சோம்பல் இல்லை. முட்டி.

நான் டாக்டர் கிடையாது. போலீஸ். ஏட்டு பலவேசம்னா எங்க மாவட்டத்துல தெரியும். பாதிப் பேரு நாய்க்கார ஏட்டுன்னுதான் சொல்லுவான், அதுவும் மரியாதையாத்தான். போன வருஷம் வேலையை விட்டுட்டு வந்துட்டேன். மோப்ப நாய்ப் பிரிவுல பதினோரு வருஷம், அதுல கடைசி நாலரை வருஷம் இவகூட. இந்தா என் காலடியில படுத்திருக்காளே, இவதான் ரீட்டா. லாப்ரடார். பார்க்கக் கிழவியாத் தெரியுறா, ஆனா இன்னும் எட்டு வயசு முடியலை. தடவிக் குடுங்க, ஒண்ணும் செய்ய மாட்டா. அந்த வலது முட்டியை மட்டும் தொடாதீங்க.

அந்தா, டோக்கன் வரிசையில ஊதாச் சேலை, கையில மஞ்சப்பை, ஒரு அம்மா நிக்கிறாங்களே, தெரியுதா? அவங்க பாக்கியத்தாய். எங்ககூட வந்தவங்க. சொந்தம்லாம் கிடையாது. வரிசை நகர்ற லட்சணத்தைப் பார்த்தா அவங்க திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லிர்றேன். யார்கிட்டயாவது ஒருதரம் சொல்லிப் பார்த்தாத்தான் அப்புறம் வாய் வரும் போல இருக்கு. உங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கு என்னைத் தெரியாது. அது ஒரு வசதி.

விஷயம் இதுதான். போன வாரம் இதே மாட்டாஸ்பத்திரியில ரீட்டா காலை எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் பார்த்துட்டு, "முட்டி ஜவ்வு அறுந்திருக்கு. தேய்மானமும் தெரியுது. எப்போ இருந்து இப்படி?"ன்னாரு. சமீபத்துல அந்ததுன்னா ஆபரேஷன் பண்ணலாமாம், நல்லா எந்திரிச்சு நடக்குமாம். ரெண்டு மூணு வருஷம் ஆயிருந்தா உள்ள இருக்கிற குருத்தெலும்பு மொத்தமும் அரைஞ்சு போயிருக்கும், அப்புறம் கத்தி வச்சா வேதனைதான் மிச்சம். "இது வாயைத் திறந்து சொல்லாது, நீங்கதான் தேதி சொல்லணும்"னாரு. பாக்கியத்தாய் பக்கத்துல நின்னாங்க. நான் "பார்த்துச் சொல்றேன் டாக்டர்"னுட்டேன். ஸ்டேஷனுக்கு மனு குடுக்க வர்றவன்கிட்டச் சொல்லுவோமே, அந்த மாதிரி. "உங்க நாய்தானே அண்ணாச்சி?"ன்னாரு டாக்டர். இன்னைக்கு மறுபடியும் கேப்பாரு. அந்தம்மாவும் பக்கத்துல நிப்பாங்க.

எனக்குத் தேதி தெரியும் தம்பி. நல்லாத் தெரியும். மாசி மாசம் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால்.

உள்ளதைச் சொல்றேன். மோப்ப நாய்க்கு உட்கார்றதுதான் பேச்சு. தேடிப்போன ஆள் எங்கே இருக்கானோ, இல்லை வாசனை எங்கே முடியுதோ, அங்கே போய் உட்காரணும். குலைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது. ரெண்டு பின்னங்காலும் சரிசமமா மடங்கி, முதுகு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து. "அய்யா, இங்கேதான்"னு அர்த்தம். அதுக்கு அப்புறம் நான் "சபாஷ்"னு சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் குடுக்கணும். அவ்வளவுதான் அவளுக்குச் சம்பளம். அந்தப் பந்துக்காக எட்டு கிலோமீட்டர் நடப்பா. ரீட்டா உட்கார்ந்தா கோயில் வாசல்ல செஞ்சு வச்ச மாதிரி இருக்கும். நான் பெருமைக்குச் சொல்லலை, பெரிய அய்யாவே ஒருதரம் சொல்லியிருக்காரு.

அந்த வெள்ளிக்கிழமை மைதானத்துல பலகை தாண்டுற பயிற்சி. தாண்டி இறங்குறப்போ எலி வளையில வலது பின்னங்கால் மாட்டிக்கிச்சு. உடம்பு முன்னாடி போச்சு, கால் அங்கேயே நின்னுச்சு. "கீச்"னு ஒரு சத்தம். அவ்வளவுதான், பிறகு அவ கத்தவே இல்லை. மூணு கால்ல என்கிட்ட நொண்டிக்கிட்டு வந்து, பந்து எங்கேன்னு என் பையை மோந்து பார்த்தா. நான் சுத்திமுத்தும் பார்த்தேன். யாரும் பார்க்கலை. ஏன் தம்பி முதல்ல சுத்திமுத்தும் பார்த்தேன்? நாயைப் பார்க்காம? அதை நானே இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

பக்கத்து மாவட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், தனியார் டாக்டர்கிட்ட. யூனிஃபார்ம் இல்லாம, சொந்த நாய்னு சொல்லி. அவரு தொடை எலும்பை ஒரு கையிலயும் கீழ்க்காலை ஒரு கையிலயும் பிடிச்சு முன்னாடி தள்ளுனாரு. மேஜை டிராயர் மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துச்சு. "பார்த்தீங்களா, பிடிச்சு நிறுத்துறதுக்கு உள்ளே ஒண்ணும் இல்லை. ஆபரேஷன் பண்ணணும், மூணு மாசம் முழு ஓய்வு"ன்னாரு. வலிக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. குடுத்துட்டு ஒண்ணு சொன்னாரு. "இது வலியை மறைக்கும், முட்டியைக் காப்பாத்தாது. வலி இல்லைன்னு இது ஓடும். ஓட ஓட நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு கிழிஞ்சு அரைஞ்சுபோகும்." நான் தலையை ஆட்டிட்டு மாத்திரையை மட்டும் வாங்கிக்கிட்டு வந்தேன்.

எதுக்குன்னு கேக்குறீங்க. கேக்கலையா? முகம் கேக்குது. தம்பி, நாய் தகுதியில்லைன்னு ஒரு கையெழுத்து விழுந்துச்சுன்னா நாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாயை ஓய்வுல அனுப்பிருவாங்க, யாரு வீட்டுக்குப் போகும்னு தெரியாது. நான் ஆயுதப்படைக்குத் திரும்பிப் போகணும். பொதுக்கூட்டம், தேர்த்திருவிழா, வெயில்ல கம்பு பிடிச்சு நிக்கிறது. நாலரை வருஷமா ஊரே "ஏட்டய்யா, நாய் என்ன சொல்லுது?"ன்னு கேட்ட ஆளு நான். பெரிய பெரிய அதிகாரிங்க என் பின்னாடி ஓடிவருவாங்க. எனக்காக இல்லை, ரீட்டாவுக்காகத்தான் மறைச்சேன். அவ என்னை விட்டு இருக்க மாட்டா. சாப்பிட மாட்டா. ரீட்டாவுக்காகத்தான்.

மறைக்கிறதுக்கும் ஒரு வித்தை இருக்கு. மாசாமாசம் டாக்டர் முன்னாடி நடத்திக் காட்டணும். அன்னைக்கு விடியக்காலையில ஒரு மாத்திரை. கால் மணி நேரம் மெதுவா நடக்க வச்சு முட்டியைச் சூடாக்கிட்டா நொண்டல் அடங்கிரும். அப்புறம் அவரு எந்தப் பக்கம் நிக்கிறாரோ அந்தப் பக்கம் என் உடம்பு வர்ற மாதிரி நடந்துட்டா போதும். "குட்"னு எழுதிக் குடுத்தாரு. ஆனா ஒண்ணை மட்டும் என்னால மறைக்க முடியலை. உட்கார்றது. மாத்திரை போட்டாலும் அவ கோணலாத்தான் உட்கார்ந்தா. கால் வெளியே. "சேட்டைக்காரி, சோம்பல் வந்துருச்சு"ன்னு கூட இருக்கிறவங்ககிட்டச் சிரிச்சுச் சமாளிச்சேன். அதனாலதான் உங்க நாய் உட்கார்ந்த உடனே எனக்குத் திக்குனு இருந்துச்சு.

சித்திரை பிறந்து நாலாம் நாள். சாயங்காலம் நாலு மணிக்கு அழைப்பு. ஊரு பேரு வேண்டாம். ஒருத்தர் காணாமப் போயிட்டாரு. தங்கப்பழம்னு பேரு, அறுபத்தெட்டு வயசு, மில்லுல ஃபிட்டரா இருந்தவரு. ரெண்டு வருஷமா ஞாபகம் சரியில்லை. பொண்டாட்டி ரேஷன் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வெளியே போயிட்டாரு. ஆமா, அந்தப் பொண்டாட்டிதான் அங்கே வரிசையில நிக்கிறாங்க. திரும்பிப் பார்க்காதீங்க, பார்த்தா நம்மளைத்தான் பேசுறாங்கன்னு தெரிஞ்சுரும்.

அவரு தலையணை உறையை மோக்கவிட்டேன். காலையில போட்ட மாத்திரையோட வேகம் அதுக்குள்ள அடங்கிப்போச்சு. இருந்தாலும் பிடிச்சா பாருங்க! கயிறு என் கையை அறுக்குது. தெருவைத் தாண்டி, பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டி, நேரா மில்லுக் காம்பவுண்டுச் சுவர். பன்னெண்டு வருஷமா மூடிக் கிடக்கிற மில்லு. சுவர் ஆள் உயரம், ஆனா ஒரு இடத்துல கல்லு சரிஞ்சு இடுப்பளவுதான். அங்கே போய் முன்னங்கால் ரெண்டையும் சுவத்து மேல வச்சா. பின்னங்காலால எத்தித் தாண்டணும். எத்துனா. வலது கால் வரலை. சறுக்கி விழுந்தா. மறுபடி எழும்பினா, மறுபடி விழுந்தா. மூணாவது தரம் எழும்பலை. உட்கார்ந்துட்டா.

கோணலா, தம்பி. கால் வெளியே கிடக்கு. என் முகத்தைப் பார்க்கலை. மூக்கு சுவத்துப் பக்கம், காது ரெண்டும் விறைச்சு நிக்குது, சுவத்தையே பார்த்து முனகுறா.

எனக்குப் பின்னாடி ஊரே நிக்குது. பாதிப் பேரு செல்போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கான். ஜீப்பு உறுமிக்கிட்டே நிக்குது. இன்ஸ்பெக்டர் அய்யா ஓடிவந்து, "என்ன ஏட்டு, உட்கார்ந்துருச்சு?"ன்னாரு. நான் குனிஞ்சு அவளைத் தூக்கி அந்தப் பக்கம் விடலாம்னு கையை வச்சேன். முட்டியில கை பட்ட உடனே அவ வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துச்சு. இன்னொருதரம் தூக்குனா அவ கத்துவா. அத்தனை பேருக்கும் கேக்கும். நாளைக்கு அந்தச் செல்போன்ல எல்லாம் வரும். நொண்டி நாயை வச்சு ஒரு மாசத்துக்கு மேல ஏமாத்திருக்கான்னு வரும். நான் நிமிர்ந்துட்டேன்.

"மோப்பம் இங்கே முடிஞ்சிருச்சுய்யா"ன்னேன்.

"உள்ளே போய்ப் பார்க்கணுமா?"

"வேண்டாம்யா. நாய் இங்கே முடிச்சிருச்சு. இங்கேயிருந்து வண்டியிலதான்."

சுவத்தை ஒட்டித்தான் பைபாஸ் ரோடு போகுது. எல்லாரும் ரோட்டுப் பக்கம் திரும்பிட்டாங்க. நான் பொய் சொன்னேன்னு சொல்ல முடியாது தம்பி, நாய் உட்கார்ந்தது உண்மை. உட்கார்ந்தா அர்த்தம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். நானா அய்யாவைத் திருப்பிவிட்டேன்? அவருக்குச் சந்தேகம் இருந்தா நாலு ஆளை உள்ளே இறக்கிப் பார்த்திருக்கலாம்ல? இன்ஸ்பெக்டர் அவருதானே?

பாக்கியத்தாய் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து ரீட்டா முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. "நீ நல்லா இருப்ப தாயி. வண்டியில ஏறிப் போயிருக்காருன்னா எங்கேயோ உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்"னு அழுதாங்க. ரீட்டா அவங்க கையிலிருந்து முகத்தைப் பிடுங்கிக்கிட்டுச் சுவத்தைப் பார்த்தா. நான் கயிறை இழுத்தேன். வர மாட்டேன்னா. நாலரை வருஷத்துல அன்னைக்குத்தான் முதல்தடவையா நான் கூப்பிட்டு அவ வரலை. தரையோட இழுத்துக்கிட்டுத்தான் வந்தேன்.

ரோட்டுக் கேமராவுல ஒரு மினி லாரி தெரிஞ்சுது, அவரு காணாமப் போன நேரத்துக்கு அந்த இடத்துல நின்னுட்டுப் போயிருக்கு. டிரைவரைத் தூக்கிட்டு வந்தாங்க. சேர்மத்துரைன்னு பேரு, சின்ன வயசு. ஒண்ணுக்குப் போக நிறுத்துனேன்னு தலையில அடிச்சுச் சொன்னான். "நாய் சொல்லுதுல்ல?"ன்னாங்க. ரெண்டு நாள் உள்ளே வச்சிருந்தாங்க. என்ன நடந்துச்சுன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போ அவன் லாரியே ஓட்டுறதில்லையாம்.

அஞ்சாம் நாள் ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் மில்லுக்குள்ள ஆடு தேடிப் போயிருக்காரு. உள்ளே பழைய தண்ணித் தொட்டி, வறண்டது, எட்டடி ஆழம். அதுக்குள்ள கிடந்தாரு தங்கப்பழம். இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு, ஏற முடியலை. மனுஷன் வேலைக்குப் போயிருக்காரு தம்பி. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு போயிருக்காரு. கேட்டு பூட்டிக் கிடக்கு, அதான் சுவர் ஏறியிருக்காரு. கையில டிபன் டப்பா கூட இருந்துச்சு, காலியா.

மூணாம் நாள்தான் உசுரு போயிருக்குன்னு பரிசோதனை பண்ணின டாக்டர் எழுதியிருந்தாரு. முதல் நாள் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நாங்க சுவத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம். சுவத்துல இருந்து தொட்டி நாப்பது காலடி தூரம். நான் எண்ணிப் பார்த்திருக்கேன்.

அவரு கூப்பிட்டிருப்பாருல்ல? நீங்க என்ன நினைக்கிறீங்க? கூப்பிட்டுத்தானே இருப்பாரு? ஜீப்பு சத்தம், கூட்டம், யாருக்கும் கேட்டிருக்காது. ரீட்டாவுக்குக் கேட்டிருக்கும். அதான் காது அப்படி நின்னுச்சு. மத்தியானம் கரண்ட் போனா ஃபேன் நின்ன உடனே ஒரு அமைதி வருமே, அந்த அமைதியில எனக்கு இப்போ கேக்குது. "ஏப்பா"ன்னு ஒரு குரல், அடியில இருந்து. நான் அவரு குரலைக் கேட்டதே கிடையாது, இருந்தாலும் அவரு குரல்தான்னு தெரியுது. பிரமைன்னு வச்சுக்கோங்க. ஆனா அதே நேரத்துல கட்டிலுக்கு அடியில படுத்திருக்கிற ரீட்டாவும் தலையைத் தூக்குறாளே, அதுக்கு என்ன சொல்றீங்க? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவோம். கரண்ட் வந்துரும். என் வீட்டுக்காரி இன்வெர்ட்டர் வாங்கணும்னு ரெண்டு வருஷமாச் சொல்றா. நான் நாளைக்கே வாங்குவோம்னு சொல்லிக்கிட்டே வாங்காம இருக்கேன். ஏன்னு எனக்கே விளங்கலை.

பிறகு விசாரணை. நாய் ஏன் தப்பாக் காட்டுச்சுன்னு மேலேயிருந்து கேட்டாங்க. திங்கக்கிழமை எழுத்து மூலமா விளக்கம் குடுக்கணும். நான் ஞாயித்துக்கிழமை காலையில ரீட்டாவைக் கூட்டிக்கிட்டு அந்தச் சுவத்துக்குப் போனேன். யாருக்கும் சொல்லலை. அன்னைக்கு மாத்திரையும் குடுக்கலை. எதுக்குப் போனேன்? அவ உண்மையிலேயே தப்புப் பண்ணியிருந்தா நல்லா இருக்குமேன்னு போனேன். அதான் உள்ளது. சுவத்துக்கு அந்தப் பக்கம் விட்டா, அவ மூக்கை அங்கேயும் இங்கேயும் ஆட்டிட்டு ஒண்ணும் விளங்காம நிக்கணும். அப்படி நின்னுட்டா எனக்கு நிம்மதி.

தூக்குனேன். கத்துனா. கத்தட்டும்னு தூக்கி அந்தப் பக்கம் விட்டேன், நானும் குதிச்சேன். கயிறு கூடப் போடலை. மூணு கால்ல, முள்ளு கல்லு ஒண்ணும் பார்க்காம நேராப் போனா. ஒரு இடத்துலயும் நிக்கலை, திரும்பலை. தொட்டி விளிம்புல போய் நின்னா. உள்ளே எட்டிப் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தா.

நேரா உட்கார்ந்தா, தம்பி. ரெண்டு காலையும் மடக்கி. அந்த முட்டிக்குள்ள "டக்"னு ஒரு சத்தம் கேட்டுச்சு, கிழிஞ்ச குருத்தெலும்பு மாட்டி விடுபடுற சத்தம். உடம்பு வெடவெடன்னு நடுங்குது. வலியில நாக்கு வெளியே தள்ளுது. ஆனா முதுகு நிமிர்ந்திருக்கு, என் முகத்தையே பார்க்குறா. ஒன்றரை மாசமா உட்காராத உட்கார்வு. "அய்யா, இங்கேதான். அன்னைக்கும் இங்கேதான் சொன்னேன்." பையில பந்து இருந்துச்சு. "சபாஷ்"னு ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு வாய் வரலை. அவ காத்துக்கிட்டே இருந்தா. நான் தொட்டி ஓரத்துல தலையில கையை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு தெரியாது. நான் எழுந்திரிக்கிற வரைக்கும் அவ அப்படியே இருந்தா.

திங்கக்கிழமை போய் எழுதிக் குடுத்தேன். "நாயின் மோப்பத் திறன் குறைந்துவிட்டது. அதனால் தவறாக வழிகாட்டியது." கீழே கையெழுத்து, தேதி.

என்ன அப்படிப் பார்க்குறீங்க? வேற என்ன எழுதச் சொல்றீங்க? எனக்கு அப்போ ஒரு பொண்ணு காலேஜ்ல, ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு. நாய்க்கு என்ன தம்பி, அதுக்குப் பதவி உயர்வா நிக்கப்போகுது? மோப்பம் போச்சுன்னு எழுதுனா அதுக்கு வலிக்கவா போகுது? ஓய்வு குடுத்தாங்க. நானே தத்தெடுத்துக்கிட்டேன். பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு, "தோற்ற நாயைக் கைவிடாத காவலர்"னு. என்னை ஆயுதப்படைக்குத்தான் அனுப்புனாங்க. எதுக்குப் பயந்து மறைச்சேனோ அது நடந்துச்சு. ஒன்றரை வருஷம் கம்பு பிடிச்சு நின்னு பார்த்தேன். முடியலை, வந்துட்டேன்.

அந்த போட்டோவைப் பார்த்துட்டுத்தான் பாக்கியத்தாய் எங்க வீட்டைத் தேடி வந்தாங்க. சண்டைக்கு வந்திருக்காங்கன்னு நினைச்சேன். சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். மஞ்சப்பையில ஒரு பொட்டலம் பொறை ரொட்டி. வாசல்ல உட்கார்ந்து ஒவ்வொண்ணாத் தண்ணியில நனைச்சு ரீட்டாவுக்கு ஊட்டுனாங்க. "உன்மேல எனக்குக் கோபம் இல்லடி. உனக்கு மூக்கு போயிருச்சு, அவருக்கு ஞாபகம் போயிருச்சு. யாரைக் குத்தம் சொல்ல"ன்னு அவகிட்டப் பேசுனாங்க. நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அன்னையிலிருந்து மாசாமாசம் அமாவாசைக்கு வந்துருவாங்க, பொறையோட. என்னை "தம்பி"ன்னுதான் கூப்பிடுறாங்க. தோத்த நாயை வச்சுக் காப்பாத்துற புண்ணியவான்னு அவங்க தெருவுல சொல்லி வச்சிருக்காங்களாம்.

ரீட்டா கால் ரொம்ப மோசமாயிருச்சுன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். போன அமாவாசைக்கு வந்தப்போ, "என்ன தம்பி இது, காலைத் தரையில ஊணவே மாட்டேங்குது, நீங்க பார்க்கலையா?"ன்னு என்னைத் திட்டுனாங்க. வற்புறுத்திக் கூட்டிட்டு வந்ததும் அவங்கதான். "எப்போ இருந்து?"ன்னு அன்னைக்கே கேட்டாங்க. "ஒரு வருஷமா இருக்கும்மா"ன்னேன். அது வாய்ல வந்துருச்சு. இப்போ டாக்டர்கிட்டயும் ஒரு வருஷம்னு சொன்னா, காலை அறுப்பாரு. அறுத்தும் ஒண்ணும் ஆகாது, இன்னும் வேதனை. ரெண்டரை வருஷம்னு சொன்னா அவளுக்குக் கத்தி இல்லை, ஊசியும் மாத்திரையுமாப் படுத்துக் கிடந்துட்டுப் போவா. ஆனா அந்தம்மா விரல் விட்டு எண்ணுவாங்கள்ல? மில்லுல கணக்கெழுதுற வேலை பார்த்தவங்க. மாசின்னா மாசி, பங்குனி, சித்திரைன்னு எண்ணுவாங்கள்ல?

பந்து இப்பவும் என் பையில இருக்கு. அதை விடுங்க. நீங்க உங்க நாய்க்கு உள்ளதைச் சொல்லிருங்க தம்பி. பத்து நாள்னா பத்து நாள்னே சொல்லுங்க. சொல்லிட்டா ஒண்ணும் ஆகாது. மூணு மாசத்துல ஓடும்.

இந்தா, வர்றாங்க.

வாங்கம்மா. நம்பர் கிடைச்சுதா? இந்தத் தம்பி நாய்க்கும் முட்டிதானாம். ஆமாம்மா, நம்ம ரீட்டா பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க உட்காருங்க, எவ்வளவு நேரம் நின்னுட்டீங்க. பொறை அப்புறம் குடுக்கலாம், டாக்டர் பார்க்கட்டும்.

அவரே வந்துட்டாரு. வணக்கம் டாக்டர். இல்லை டாக்டர், மேஜையில ஏற மாட்டா, இங்கேயே பார்த்துருங்க. ஆமா. போன வாரம் கேட்டீங்க.

அம்மா, நீங்க சொல்லாதீங்க. இல்லைம்மா, ஒரு வருஷம் இல்லை. டாக்டர், எழுதாதீங்க, கொஞ்சம் நிறுத்துங்க. அவங்களுக்குத் தெரியாது, நான் சொன்னதைச் சொல்றாங்க. நான் சொல்றேன்.

ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு டாக்டர். மாசி மாசம் கடைசி வெள்ளிக்கிழமை. ஆமா, அப்பவே ஒரு டாக்டர் பார்த்தாரு. ஜவ்வு அந்திருக்குன்னு அப்பவே சொன்னாரு. நான்தான் மாத்திரை குடுத்து வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

ஆமாம்மா. அந்த மாசிதான்.

சித்திரைக்கு முந்தின மாசி. ஆமா. உங்க வீட்டுக்கு வந்தப்போ அந்தக் காலோடதான் வந்தா.

இல்லைம்மா, அவளுக்கு மூக்கு போகலை. சுவத்தைத் தாண்ட முடியலை. வலி தாங்காம உட்கார்ந்தா. அவ அந்தப் பக்கம்தான் காட்டுனா.

தெரியும்மா.

இல்லை, அப்புறம் இல்லை. அங்கே நிக்கும்போதே தெரியும்.